மதமும் அரசும்: கிறிஸ்தவ நாடுகள், இஸ்லாமிய நாடுகள் – எதை எதோடு ஒப்பிடுவது?

கோட்டூர்புரம் வாசகர்

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். கேட்க வருகிறவர்களில் சாந்தோம் கிறிஸ்தவர்களும் உண்டு, திருவல்லிக்கேணி முஸ்லிம்களும் உண்டு. கடவுளே வேண்டாம் என்கிற பெரியார் தோழர்கள் நாலைந்து பேர் முதல் வரிசையில் உட்காருவார்கள். பொத்தாம்பொதுவாகப் பேசினால் மூன்று தரப்பும் சேர்ந்து உரித்துவிடும்.

கையில் இப்போது மூன்று வாதங்கள் இருக்கின்றன. ஒன்று: "இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும்" என்று வேதத்திலேயே இருப்பதால் கிறிஸ்தவ நாடுகள் மதத்தையும் அரசையும் பிரித்துக்கொண்டன; இஸ்லாத்தில் அப்படி ஒரு வசனம் இல்லாததால் பிரிக்க முடியவில்லை. இரண்டு: மதத்துக்கு அரசு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு தீவிரவாதம் வளரும். மூன்று: மதச்சார்பற்ற அரசு வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதில் எது நிற்கும், எது விழும்? தெரிந்தவர்கள் ஆண்டு, சட்டப்பிரிவு எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும். ‘எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது’ வகைப் பதில்கள் வேண்டாம். அதை நானே சொல்லிக்கொள்வேன்.

சாந்தோம் 1523

முதல் வாதத்தோடு மேடை ஏறாதீர்கள் சார். அந்த வசனம் மத்தேயு 22-இல் முதல் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. 380-இல் தியோடோசியஸ் திரித்துவ விசுவாசத்தை ரோமப் பேரரசின் மதமாக அறிவித்தார். ஐந்தே வருடத்தில், 385-இல், பிரிசில்லியன் என்கிற ஸ்பானிய ஆயரின் தலை ட்ரியர் நகரில் வெட்டப்பட்டது. ஏட்டில் இருந்த குற்றம் சூனியம். உள்ளே இருந்தது கொள்கைத் தகராறு. புகார் கொடுத்தவர்கள் சக ஆயர்கள். தண்டனையை நிறைவேற்றியது, இரண்டு வருடம் முன்புதான் ஆட்சியைப் பிடித்திருந்த மாக்சிமஸின் அரசு. சபைக்குள் தீர்க்க வேண்டியதில் அரசன் கை வைக்கக்கூடாது என்று தூர் நகர ஆயர் மார்ட்டின் மன்றாடிப் பார்த்தார். நடக்கவில்லை.

இந்த ஜோடியைக் கவனியுங்கள்: புகார் சொல்ல ஒரு மதத் தரப்பு, வெட்ட ஒரு அரசு. பிறகு வரும் ஆயிரம் வருடமும் இதே ஏற்பாடுதான். 1553-இல் திரித்துவத்தை மறுத்த மிகேல் செர்வெட்டஸ் பிரான்சில் கத்தோலிக்க விசாரணையிலிருந்து தப்பி ஓடி, புராட்டஸ்டன்ட் ஜெனிவாவில் மாட்டி, அங்கே எரிக்கப்பட்டார். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் அவர் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போயின.

பிரிவினை எங்கிருந்து வந்தது என்றால், போரிட்டுக் களைத்ததிலிருந்து. ஜெர்மன் ராஜ்யங்களுக்கான 1555 ஆக்ஸ்பர்க் உடன்படிக்கை ‘மன்னன் மதமே மக்கள் மதம்’ என்றது. பிடிக்காதவன் சொத்தை விற்றுவிட்டு வேறு ராஜ்யத்துக்குப் போகலாம், அவ்வளவுதான் சுதந்திரம். அதிலும் லுத்தரன், கத்தோலிக்கம் இரண்டுக்கு மட்டும் இடம், கால்வினியர்கள் வெளியே. அந்த ஓட்டையும் சேர்ந்துதான் 1618-இல் போராக வெடித்தது. முப்பது வருடம் அடித்துக்கொண்டு 1648-இல் வெஸ்ட்ஃபாலியாவில் உட்கார்ந்தபோது யார் கொள்கை சரி என்று யாரும் பேசவில்லை. 1624 ஜனவரி 1 என்று ஒரு தேதியைக் குறித்தார்கள். அன்றைக்கு எந்த ஆலயம் யார் கையில் இருந்ததோ அது அவர்களுக்கே. நம் ஊர் 1991 வழிபாட்டுத் தலங்கள் சட்டம் 1947 ஆகஸ்ட் 15-ஐக் குறித்ததும் இதே உத்திதான். நியாயம் பேசினால் முடியாத தகராறைத் தேதி போட்டு நிறுத்துவது. உங்கள் கூட்டத்தில் இந்த ஒப்பீடு எடுபடும்.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் எஃப்ரேம் தெ நெவெர் இருக்கிறார். பிரெஞ்சு கப்புச்சின் துறவி. 1642-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தங்கி, ஆங்கிலேயர்களின் சம்மதத்தோடு கத்தோலிக்கர்களுக்கு ஆலயம் நடத்தினார். கோட்டையை நம்பி வந்த போர்த்துகீசியக் குடும்பங்கள் பூசைக்காகப் போர்த்துகீசியர் வசமிருந்த சாந்தோமுக்குப் போய்விடக்கூடாது என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு. சாந்தோம் பாதிரிமார்களுக்கு இது பொறுக்கவில்லை. 1649-இல் அவரைச் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்து, கோவா மத விசாரணை மன்றச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் உள்ளே இருந்தார். கத்தோலிக்கத் துறவியைச் சிறையில் போட்டது கத்தோலிக்க மன்றம்; அவருக்காகக் கவலைப்பட்டது புராட்டஸ்டன்ட் கம்பெனி; அவரை விடச் சொல்லி நெருக்கியவர்களில் கோல்கொண்டா சுல்தானின் தரப்பும் உண்டு. மதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்தக் கதை புரியவே புரியாது.

ஆங்கிலேயர் தாராளமும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். உடனே, கத்தோலிக்கர்கள் எதிரிக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் கோட்டைக்குள் இருந்த அவர்கள் ஆலயம் பறிபோனது. வேப்பேரி ஆலயத்தை எடுத்து புராட்டஸ்டன்ட் மிஷனரிகளிடம் கொடுத்தார்கள். தேசப் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் சகிப்புத்தன்மை முதலில் போகும்.

‘பிரித்துவிட்டார்கள்’ என்பதும் பாதிதான் சரி. பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையில் இன்றும் 26 ஆயர்களுக்கு இடம் உண்டு. ஜெர்மனியில் சபை உறுப்பினரின் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் சபை வரியாக அரசே பிடித்துக் கொடுக்கிறது. அரசையும் சபையையும் பிரித்த 1905 சட்டத்தைப் பெருமையாகச் சொல்லும் பிரான்சில், அல்சாஸ் பகுதியில் இன்றும் குருமார்களுக்கு அரசுச் சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டம் வந்தபோது அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்ததுதான் காரணம். அரசும் சபையும் பிரிய வேண்டும் என்ற கருத்தை 1864-இல் பாப்பரசர் கண்டனப் பட்டியலில் சேர்த்தார். மதச் சுதந்திரம் மனித உரிமை என்று வத்திக்கான் ஏற்றுக்கொண்டது 1965 டிசம்பரில். நம் அரசியல் சட்டம் அதைவிடப் பதினைந்து வருடம் மூத்தது.

மண்ணடி பாய்

சாந்தோம் சார் அந்தப் பக்கம் சொல்லிவிட்டார். இந்தப் பக்கமும் அதே மாதிரி ஒரு கட்டுக்கதை ஓடுகிறது: இஸ்லாத்தில் கலீஃபாவே மதத் தலைவர், மதத் தலைவரே அரசன் என்று.

அப்பாஸிய கலீஃபா மாமூன் அப்படி ஆகத்தான் பார்த்தார். 833-இல் பாக்தாத் ஆளுநருக்குக் கடிதம் போட்டு, குர்ஆன் என்றுமுள்ளது அல்ல, படைக்கப்பட்டது என்ற கொள்கையைக் காஜிகளும் (நீதிபதிகள்) ஹதீஸ் அறிஞர்களும் ஒப்புக்கொள்கிறார்களா என்று வரிசையாக விசாரிக்கச் சொன்னார். மிஹ்னா என்று பெயர். பலர் தலையாட்டினார்கள். அஹ்மத் இப்னு ஹன்பல் ஆட்டவில்லை. சிறை, அடுத்த கலீஃபா காலத்தில் சவுக்கடி. பதினைந்து வருடம் சொச்சம் நடத்திப் பார்த்து, முதவக்கில் என்ற கலீஃபா காலத்தில் கைவிட்டார்கள். இத்தனைக்கும் மாமூன் பக்கம் இருந்தவர்கள் பகுத்தறிவுவாதிகள் என்று இன்று பலர் கொண்டாடும் முஃதஸிலாக்கள். பெரியார் தோழர்கள் வரிசைக்கு இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

அதற்குப் பிறகு அகீதா, அதாவது மார்க்க நம்பிக்கை, எது என்று அரசன் தீர்மானிப்பது சுன்னி உலகில் எளிதாக எடுபடவில்லை. காஜியை நியமிப்பது சுல்தான். காஜி பார்க்கும் சட்ட நூலை எழுதுவது ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள். அவர்கள் சாப்பாடு வக்ஃப் அறக்கட்டளை வருமானத்தில். இது மேற்கத்தியப் பிரிவினை கிடையாது. ஆலிம்கள் கையில் அதிகாரம் இருந்ததால் எல்லாம் நல்லபடி நடந்தது என்றும் நான் சொல்லவில்லை. முஸ்லிம் அல்லாதோர் மீதான ஜிஸ்யா வரி, மதம் மாறியவனுக்கு மரணம் எல்லாம் அந்த நூல்களில்தான் இருக்கிறது. ஆனால் அரசனுக்கு வெளியே ஒரு கை இருந்தது.

அந்தக் கையை முறித்தது நவீன அரசு. எகிப்தைப் பாருங்கள். 1952 புரட்சிக்குப் பிறகு வக்ஃப் நிலங்கள் அரசிடம் போயின. 1961-இல் குடியரசுத் தலைவர் நாசர் 103-ஆம் எண் சட்டத்தால், கெய்ரோவின் பழைய மார்க்கக் கல்வி நிலையமான அல்-அஸ்ஹரையே அரசின் கீழ் கொண்டுவந்தார். அதன் தலைவரான ஷேக்கை நியமிப்பது குடியரசுத் தலைவர் என்றானது. விளைவு, பெரிய ஆலிம் என்ன ஃபத்வா கொடுத்தாலும் ‘இது சர்க்கார் ஃபத்வா’ என்று தெருவில் ஒரு பயல் மதிப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் மதரஸா வாசலே மிதிக்காதவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நாசருக்குப் பின் வந்த குடியரசுத் தலைவர் சதாத்தைக் கொன்ற குழுவுக்குக் கொள்கை எழுதிக் கொடுத்த ஃபரஜ் ஒரு மின்பொறியாளர். அல்-காய்தாவின் ஜவாஹிரி அறுவைச் சிகிச்சை மருத்துவர். இக்வானை (முஸ்லிம் சகோதரத்துவ இயக்கம்) 1928-இல் தொடங்கிய ஹசன் அல்-பன்னா பள்ளிக்கூட வாத்தியார்.

சதாத் கதையை உங்கள் இரண்டாவது வாதத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். இடதுசாரிகளை அடக்க இஸ்லாமிய மாணவர் அமைப்புகளுக்கு இடம் கொடுத்தவர் அவர். 1971 அரசியல் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் ஷரியாவின் கோட்பாடுகள் சட்டத்துக்கு ‘ஒரு’ முக்கிய மூலம் என்று இருந்ததை, 1980-இல் ‘அதுவே’ முக்கிய மூலம் என்று திருத்தினார். மறு வருடம் அக்டோபர் 6 அணிவகுப்பில் சுட்டுக் கொன்றார்கள். கொடுத்தால் அடங்குவார்கள் என்று ஆட்சியாளர்கள் போடும் கணக்கு தப்புகிற இடம் இதுதான்: முழு ஷரியா என்று கேட்பவனுக்குப் பிரிவு 2 பத்தாது, ஆனால் அவன் கேட்பது நியாயம்தான் என்று அரசே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடுகிறது.

தீவிரவாதத்துக்கு வேர் எது என்றால் தக்ஃபீர். எதிரே நிற்கும் முஸ்லிமை முஸ்லிமே இல்லை என்று அறிவிப்பது. 657 சிஃப்பீன் போரில் அலீ நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டதற்காக அவர் படையிலிருந்தே பிரிந்த காரிஜிய்யாக்கள், தீர்ப்பு அல்லாஹ்வுக்கே என்று முழங்கினார்கள். 661-இல் கூஃபா பள்ளிவாசலில் அவரையே வெட்டினார்கள். நான்காவது கலீஃபாவை, நபியின் மருமகனை. இன்று வரை இந்தக் கூட்டத்தின் முதல் இலக்கு பெரும்பாலும் முஸ்லிம்தான்.

என்.எஸ்.சி. போஸ் ரோடு

மேலே இரண்டு பேரும் சொன்னதைச் சட்டக் கண்ணால் ஒரே கேள்வியாக்கலாம்: உண்மையான விசுவாசி யார் என்று முத்திரை குத்தும் வேலையை அரசு எடுத்துக்கொண்டதா? எடுத்துக்கொண்டால் அந்த முத்திரைக்காக அடிதடி நடக்கும். எந்த மதம் என்பது இரண்டாம் பட்சம். வேத நூல்களை ஒப்பிடாமல் விண்ணப்பப் படிவங்களை ஒப்பிடுங்கள்.

இங்கிலாந்து, 1673, டெஸ்ட் சட்டம். அரசு வேலையோ ராணுவப் பதவியோ ஏற்பவர் அரசு சபையான ஆங்கிலிக்கன் சபையில் நற்கருணை வாங்கியதற்குச் சான்று காட்ட வேண்டும். கூடவே, அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகப் பொருள் மாறுவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கத்தோலிக்கனால் அதில் கையெழுத்துப் போட முடியாது, அதற்காகவே எழுதிய வாசகம். கத்தோலிக்கராகியிருந்த மன்னரின் தம்பி ஜேம்ஸே கடற்படைத் தலைமையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

பாகிஸ்தான், இன்று, பாஸ்போர்ட் விண்ணப்பம். முஸ்லிம் என்று எழுதுபவர் அஹ்மதியா இயக்க நிறுவனரின் நபித்துவத்தை மறுத்தும், அவரைப் பின்பற்றுவோர் முஸ்லிம்கள் அல்ல என்றும் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். நடுவில் 300 வருடம், வேறு மதம், வேறு கண்டம். படிவத்தின் வேலை ஒன்றேதான்.

பாகிஸ்தான் அங்கே வந்து சேர்ந்தது படிப்படியாக. 1949 மார்ச்சில் அரசியல் நிர்ணய சபையில் நோக்கத் தீர்மானம். இறையாண்மை அல்லாஹ்வுக்கே என்றது. சிறுபான்மை உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், எடுபடவில்லை. 1953-இல் அஹ்மதியாக்களை முஸ்லிம் அல்லாதோராக அறிவிக்கச் சொல்லி பஞ்சாபில் கலவரம். லாகூரில் ராணுவச் சட்டம். அரசு அப்போது பணியவில்லை. விசாரித்த நீதிபதிகள் முனீரும் கயானியும் முன்னணி ஆலிம்களைக் கூப்பிட்டு முஸ்லிம் என்பதற்கு வரையறை கேட்டார்கள். எந்த இருவர் பதிலும் ஒத்துப்போகவில்லை என்று 1954 அறிக்கையில் பதிவு செய்தார்கள். ஒருவர் வரையறையை எடுத்தால் மற்றவர்கள் எல்லாம் வெளியே போகிறார்கள். அரசு இந்த வேலையைச் செய்யவே முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் வேண்டாம்.

இருபது வருடம் கழித்து, 1974 செப்டம்பர் 7-ல், இரண்டாவது திருத்தம் நிறைவேறி அஹ்மதியாக்கள் முஸ்லிம் அல்லாதோர் ஆனார்கள். கொண்டுவந்தது முல்லா கட்சி அல்ல, சோஷலிசம் பேசி ஓட்டு வாங்கிய பிரதமர் புட்டோ. 1984-இல் ராணுவ ஆட்சியாளர் ஜியாவின் அவசரச் சட்டம்: அவர்கள் தங்கள் வழிபாட்டிடத்தை மசூதி என்றால் மூன்று வருடம் வரை சிறை, பாங்கு சொன்னாலும் அதே. 1986-இல், நபியை இழிவுபடுத்தினால் மரணம் வரை என்ற 295சி.

இந்த 295 குடும்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கும் அவர்களுக்கும் பாட்டி ஒருத்திதான். 1860 தண்டனைச் சட்டத்தில் 295 மட்டும் இருந்தது; வழிபாட்டுத் தலத்தைச் சேதப்படுத்துவது, அசுத்தப்படுத்துவது. லாகூரில் நபியை இழிவுபடுத்தியதாக வழக்கில் சிக்கிய ஒரு பதிப்பாளர் 1927-இல் விடுதலையானார், அந்தக் குற்றத்துக்குப் பொருந்தும் பிரிவே இல்லையென்று. அதே வருடம் வெள்ளைக்கார அரசு, மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295ஏ-யைச் சேர்த்தது. அப்படியும் 1929-இல் அந்தப் பதிப்பாளரை ஓர் இளைஞன் குத்திக் கொன்றான்.

இந்தியாவில் அந்தப் பிரிவு இப்போது, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 299. ‘வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு’ என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். உச்ச தண்டனை மூன்று வருடம். நீதிமன்றம் வழக்கை ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) 196, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். 217. ஓட்டை எங்கே என்றால், அனுமதி வேண்டியது நீதிமன்றம் ஏற்பதற்குத்தான். எஃப்.ஐ.ஆர். போடவும் கைது செய்யவும் தேவையில்லை. அதனால் தண்டனை வராத வழக்கிலும் ஆளை உள்ளே தள்ளிவிட முடிகிறது. நாம் ரொம்பப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

பாகிஸ்தானின் 295சி-யில் நோக்கம் என்ற சொல்லே கிடையாது. ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’, ‘குறிப்பாலோ’ என்றெல்லாம் இழுத்திருப்பார்கள். அரசு முன் அனுமதி தேவையில்லை. ஆயுள் தண்டனையும் ஒரு மாற்றாக இருந்ததை 1990-இல் ஃபெடரல் ஷரியத் நீதிமன்றம் செல்லாது என்றது. மரணம் மட்டும் மிச்சம். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று பின்னால் ஒரு திருத்தம் வந்தது. ஊரே ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது எஸ்.பி. வருவதற்குள் எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டுவிடும்.

ஆசியா பீபி வழக்கின் தீர்ப்பைப் படித்தால் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று தெரியும். 2009 ஜூன் 14-ல் வயலில் பழம் பறிக்கும் பெண்களுக்குள் தண்ணீர்க் குவளைத் தகராறு. கிறிஸ்தவரான ஆசியா கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க மாட்டோம் என்றார்கள். அவர் நபியை இழிவுபடுத்தினார் என்ற புகார் பதிவானது 19-ந் தேதி. கொடுத்தவர் அங்கே இல்லாத கிராம இமாம். நடுவில் ஒரு பஞ்சாயத்து நடந்து ஆசியா குற்றத்தை ஒப்புக்கொண்டாராம். எத்தனை பேர் கூடினார்கள் என்று கேட்டால் ஒரு சாட்சி 100 பேர் என்கிறார், இன்னொருவர் 1000, மற்றொருவர் 2000-க்கு மேல். கீழ் நீதிமன்றம் 2010-இல் மரண தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2018 அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம் இந்த முரண்களையும் ஐந்து நாள் தாமதத்தையும் சொல்லி விடுவித்தது. முதல் நாளே எந்த முன்சீஃபுக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஓட்டைகள். ஆனால் விடுதலை எழுதும் நீதிபதி வீட்டுக்குப் பத்திரமாகப் போக வேண்டுமே. ஆசியாவுக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். இரண்டு மாதத்தில் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் போனார். 295சி-யில் இதுவரை நீதிமன்றம் வழியாக ஒருவரும் தூக்கிலேறவில்லை. செத்தவர்கள் எல்லாம் தெருவிலும் சிறையிலும்தான்.

இங்கிலாந்து தன் படிவத்தை எப்படிக் கிழித்தது என்பதும் முக்கியம். மனம் திருந்தி அல்ல. 1828-இல் டெஸ்ட் சட்டம் போனது. அதே வருடம் அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் கத்தோலிக்கரான ஓ'கானல் ஜெயித்தார். பழைய உறுதிமொழி எடுக்க முடியாததால் நாடாளுமன்றத்தில் உட்கார முடியவில்லை. விட்டால் அயர்லாந்து பற்றியெரியும் என்று பயந்த பிரதமர் வெலிங்டன், அவரே பழைமைவாதி, 1829-இல் கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்தார். யூதர்களுக்கு 1858 வரை ஆனது.

வடபழனி 26

எல்லாரும் நல்லாத்தான் எழுதுறீங்க. ஆனா பூசி மெழுகுற மாதிரி இருக்கு. 385, 1553-ன்னு போனா யாருக்கு என்ன? இன்னிக்கு மதம் மாறினா கொல்லலாம்னு சட்டம் வெச்சிருக்கிற கிறிஸ்தவ நாடு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்.

மண்ணடி பாய்

@வடபழனி 26: காட்ட முடியாது, கிடையாது. மதம் மாறுவதற்கோ மத நிந்தனைக்கோ மரணம் என்று இன்று சட்டமோ நீதிமன்ற நடைமுறையோ வைத்திருப்பவை முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள்தான்: சவூதி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், மவுரித்தேனியா போன்றவை. அதோடு நைஜீரியாவில் 1999-க்குப் பிறகு ஷரியா குற்றவியல் கொண்டுவந்த வட மாநிலங்கள் சில. மவுரித்தேனியா 2018-இல் இன்னும் இறுக்கியது. தவ்பா செய்து மனம் வருந்தித் திரும்பினாலும் மன்னிப்பில்லை. சூடான் 2020-இல் நீக்கியது. இதை மேடையில் ஒளிக்காமல் சொல்லுங்கள், ஒளித்தால்தான் சந்தேகம் வரும். என் சமுதாயத்து ஆட்களும் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் ‘இஸ்லாம் என்பதால்’ என்று முடித்தால் செனகலை என்ன செய்வீர்கள்? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் முஸ்லிம்கள். அரசு மதச்சார்பற்றது. 1960 முதல் 1980 வரை குடியரசுத் தலைவர் செங்கோர் ஒரு கத்தோலிக்கர்; தரீக்கா எனப்படும் சூஃபி அமைப்புகளின் ஆதரவோடு ஆண்டார். அங்கே மதத் தலைவர்களுக்குச் செல்வாக்கு கொஞ்சநஞ்சமல்ல, ஆனால் முத்திரை அரசிடம் இல்லை.

இந்தோனேசியா இரண்டுங்கெட்டான். 1945 ஆகஸ்ட் 18-ல், முஸ்லிம்கள் ஷரியாவைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள் என்ற ஏழு சொற்களை, கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் விலகிவிடுவார்கள் என்று பயந்து முகவுரையிலிருந்து எடுத்தார்கள். நல்லது. ஆனால் 1965-இல் சுகர்ணோ போட்ட மத நிந்தனை ஆணையை விட்டுவைத்தார்கள். 2017-இல் ஜகார்த்தா ஆளுநர் அஹோக், சீன வம்சாவளிக் கிறிஸ்தவர், தேர்தல் நேரத்தில் அதில் மாட்டி இரண்டு வருடம் சிறைக்குப் போனார். ஐம்பது வருடம் ஆனாலும் பிரிவு பிரிவுதான். ஒரு தேர்தல் வந்தால் போதும்.

சாந்தோம் 1523

வடபழனி நண்பருக்கு ஒரு சின்னச் சேர்க்கை. சட்டத்தில் இல்லை என்பதால் கிறிஸ்தவத் தீவிரவாதமே இல்லை என்றாகாது. உகாண்டாவில் பத்துக் கட்டளை ஆட்சி என்று சொல்லிக்கொண்டு குழந்தைகளைக் கடத்திப் போராளியாக்கிய ஜோசப் கோனியின் படை, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் முஸ்லிம்களை வேட்டையாடிய ஆன்டி-பலாக்கா குழுக்கள், அமெரிக்காவில் கருக்கலைப்பு மருத்துவமனைக் குண்டுகள். ரஷ்யா 2013-இல் விசுவாசிகளின் மனம் புண்படுவதைக் குற்றமாக்கி மூன்று வருடம் வரை சிறை வைத்தது. கம்யூனிஸ்டு ஆட்சி போய் இருபது வருடத்தில் சபையும் கிரெம்ளினும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

வட அயர்லாந்தைத் தனியாகப் பாருங்கள். முப்பது வருடத்தில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். 1998 சமாதான ஒப்பந்தம் கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் இறையியலைத் தொடவே இல்லை. முக்கியத் தீர்மானங்களுக்கு இரண்டு தரப்பிலும் ஆதரவு வேண்டும், 30 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் எந்தத் தீர்மானத்தையும் அந்த நிபந்தனைக்குள் இழுக்கலாம் என்று நடைமுறை எழுதினார்கள். சட்டமன்றம் அடிக்கடி முடங்குகிறது. ஆனால் முடங்குவது சட்டமன்றம் மட்டும்தான்.

வளசரவாக்கம்

மூன்றாவது வாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மதச்சார்பற்ற ஆட்சி மருந்து என்றால் சிரியாவும் ஈராக்கும் பாத் கட்சி கையில்தான் இருந்தன. அல்ஜீரியாவில் இஸ்லாமியக் கட்சி வெல்லப்போகிறது என்று தெரிந்ததும் 1992 ஜனவரியில் இராணுவம் தேர்தலையே நிறுத்தியது. பிறகு பத்து வருட உள்நாட்டுப் போர். தேர்தல் வழியில் வந்தவன் வாயை அடைத்தால், அன்றைக்கே துப்பாக்கிக்காரன் சொன்னது சரியென்று ஆகிறது. துனிசியாவில் என்னஹ்தா என்ற இஸ்லாமியக் கட்சி 2016-இல் மதப் பிரசாரத்தையும் அரசியலையும் தானாகவே பிரித்துக்கொண்டது. அப்படிப் பிரிய அதற்கு ஐந்து வருடத் திறந்த அரசியல் தேவைப்பட்டது.

எங்கள் பக்கத்து உதாரணம் இலங்கை, 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு குண்டுகள், மூன்று தேவாலயம், மூன்று ஹோட்டல். குண்டு வைத்த குழுவின் தலைவன் சஹ்ரானின் ஆட்கள் முதலில் மோதியது காத்தான்குடி சூஃபிகளோடு, 2017 மார்ச்சில். முஸ்லிம்களே பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். இந்தியப் புலனாய்வு ஏப்ரல் 4-ம் தேதியே எச்சரித்தது. ஆனால் ஜனாதிபதியும் பிரதமரும் முந்தைய அக்டோபரிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புச் சபைக்குப் பிரதமரைக் கூப்பிடுவதே நின்றிருந்தது. கடதாசி மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது, தேவாலயங்களுக்குச் சொல்லப்படவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியைத் தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. இதில் எந்த மத நூலைக் குறை சொல்வது?

மண்ணடி பாய்

@வளசரவாக்கம்: கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசு தூங்கியதால்தான் குண்டு வெடித்தது, சரி. குண்டைக் கட்டியவன் ஹதீஸ் சொல்லிக்கொண்டுதான் கட்டினான். அந்த பயானை (மார்க்கச் சொற்பொழிவை) யார் கேட்டார்கள், யார் எதிர்த்தார்கள் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

கோட்டூர்புரம் வாசகர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாதத்தையும் கீழே போட்டுவிட்டேன். 1673-ஐயும் 1974-ஐயும் முதுகெலும்பாக வைத்து, நடுவில் மிஹ்னாவும் எஃப்ரேமும். ஒரு மணி நேரத்துக்குப் போதுமா, அதிகமா? கேள்வி நேரத்தில் சண்டை வராமல் பார்க்க ஏதாவது வழி?

என்.எஸ்.சி. போஸ் ரோடு

அதிகம். இரண்டு படிவத்துக்கும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், ஆசியா பீபி தீர்ப்புக்குப் பத்து, மற்றதெல்லாம் சேர்த்து ஐந்து. மிச்சத்தைக் கேள்விக்கு விடுங்கள். மிஹ்னாவை வெட்டினாலும் பாய் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

கேள்விகளைத் துண்டுச்சீட்டில் வாங்கி நீங்களே படியுங்கள். மைக்கை வரிசைக்குள் அனுப்பினால் கேள்வி வராது, பிரசங்கம்தான் வரும். நிந்தனை என்று வழக்குப் போட்ட எந்தப் படத்தையும் வாசகத்தையும் திரையில் போடாதீர்கள், விவரித்தால் போதும். கூட்டத்தைச் செல்போனில் எடுத்து இருபது வினாடியாக வெட்டிப் போடுவார்கள், அஹோக்குக்கு எதிராகக் கிளம்பியதும் வெட்டிப் போட்ட காணொளியிலிருந்துதான். முழுப் பேச்சையும் உங்கள் தரப்பில் ஒருவர் பதிவு செய்து வைத்திருக்கட்டும்.